குளிசையைக் களப்பில் எறிவதற்கு முன்



நோன்புக்கு இன்னும் ஆறு கிழமை அளவில் இருக்கிறது. வழக்கமாக இந்த நாட்களில் நாம் பரீட்சை, டியூசன், பிள்ளைகளின் போன் என்றுதான் எழுதுவோம். இது வேறு விடயம். கொஞ்சம் நீளமும் கூட. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஸுபஹுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு பிள்ளையின் கதை. யாரென்று தேட வேண்டாம். அவரிடமும் அவருடைய வாப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விடயங்களை மாற்றியும் இருக்கிறோம்.

உயர்தரம் படிக்கிற பையன். கெட்டிக்காரன். ஒரு தவணையில் இரண்டு மாதம் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டில் கேட்டால் காய்ச்சல் என்றார்கள். திரும்பி வந்தபோது உடம்பு பெருத்திருந்தது. முதல் பாடத்திலேயே தலை மேசையில் சாயும். பேனை பிடித்த கை நடுங்கும். முன்பு முத்து முத்தாக எழுதிய பிள்ளையின் எழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது. நாம் என்ன செய்தோம்? எழுப்பி நிற்க வைத்தோம். "ராவெல்லாம் போனா?" என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்டோம். ஒரு தடவையல்ல, பல தடவை.

அவருக்கு வந்தது காய்ச்சல் இல்லை. இருதுருவ மனநிலைக் கோளாறு. சில மாதம் மனசு அடிமட்டத்துக்கு இறங்கும், பிறகு ஒரு காலத்தில் எல்லை கடந்து ஏறும். அதற்கு லித்தியம் என்ற குளிசையும், இரவுக்கு நித்திரை வரும் குளிசை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். "போட்டால் தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும் சேர். நேற்றுப் படிச்சது இண்டைக்கு வராது" என்று பிறகொரு நாள் சொன்னார். உம்மா குளிசை அட்டையை எண்ணிப் பார்ப்பார் என்பதால், ஒவ்வொரு இரவும் குளிசையை அட்டையிலிருந்து எடுத்து, இறங்குதுறைக்குப் போய்க் களப்பில் எறிந்திருக்கிறார். நாம் வகுப்பில் நிற்க வைத்ததும் அதற்கு ஒரு காரணம். இதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

முதல் சில கிழமை ஒன்றும் ஆகவில்லை. தலை தெளிந்தது, கை நடுக்கம் நின்றது. "பார்த்தீங்களா, மருந்துதான் பிரச்சினை" என்று அவருக்கே பட்டிருக்கும். பிறகு நோன்பு வந்தது. பிள்ளை தராவீஹில் முன் ஸப்பில் நின்றார். ஸஹர் வரை ஓதிக்கொண்டிருந்தார். பகலிலும் தூங்குவதில்லை, களைப்பும் இல்லை. பள்ளியில் பெரியவர்களுக்கே மார்க்கம் விளக்கினார். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றோம். நாமும் சொன்னோம். பிறகு ஊருக்கே இப்தார் கொடுக்கப் போவதாக, வாப்பாவின் வள்ளத்து எஞ்சினைப் பேரைச் சொல்லிக் கடைகளில் கடனுக்குச் சாமான் எடுக்கத் தொடங்கினார். அதற்கும் சந்தோசப்பட்டோம். கடைசிப் பத்தில் ஒரு நள்ளிரவு, மலக்குகள் தன்னோடு நேரடியாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு கடலுக்குள் இறங்கி நடந்தவரை, கரைவலைக்காரர் நாலு பேர்தான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நாலு பேர் அன்று வேறு பாட்டுக்குப் போயிருந்தால்?

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், "அந்தக் குளிசை மூளையைத் தின்னும்" என்ற பேச்சு எமது தேத்தண்ணிக் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஓயாமல் நடக்கிறது. படித்தவர்கள் அதற்கு "சும்மா கதை, நம்ப வேண்டாம்" என்று பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலும் பிழை என்பதுதான் எமது கருத்து. அது சும்மா கதை இல்லை. பாதி உண்மை. குளிசை போடுகிறவருக்குத் தன் தலை மந்தமாவது தெரிகிறது. தெரிகிறதை இல்லை என்று டொக்டரும் வீட்டாரும் ஆசிரியரும் சேர்ந்து சொன்னால், அவர் வாயை மூடிக்கொண்டு களப்பில்தான் எறிவார்.

நாம் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாசித்ததையும், மனநல டொக்டர்களிடம் கேட்டதையும் வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறோம்.

லித்தியம் எமக்கு அந்நியமான சரக்கு இல்லை. ஆவர்த்தன அட்டவணையில் முதற் கூட்டத்தில் சோடியத்துக்கு நேர் மேலே இருக்கிறது. குளிசையில் இருப்பதும் ஓர் உப்புத்தான். உப்பள ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. எமது சிறுநீரகம் சோடியத்தை எப்படிக் கையாளுகிறதோ, கிட்டத்தட்ட அப்படியே லித்தியத்தையும் கையாளும். உடம்பில் தண்ணியும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் இருப்பதை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். பெரும்பாலானவர்களுக்கு இருக்க வேண்டிய அளவு லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை. சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5 ஐத் தாண்டினால் நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இவ்வளவு ஒடுக்கமான வரம்பு உள்ள குளிசைகள் குறைவு. அதனால்தான் கிளினிக்கில் இரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து எடுத்தால்தான் அந்த அளவு சரியாக இருக்கும். இரத்தம் எடுக்கிற நாள் காலையில் குளிசையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இந்த மருந்தின் வரலாற்றில் ஒரு சம்பவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய டொக்டர் இரண்டாம் உலக யுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரின் கைதியாக மூன்று வருடத்துக்கும் மேல் இருந்தவர். ஊருக்குத் திரும்பி, கையில் கிடைத்த வசதியை வைத்து ஆராய்ச்சி செய்து, மிதமிஞ்சிய மன எழுச்சியில் இருந்த 10 நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்து 1949இல் கட்டுரை எழுதினார். முதல் நோயாளி வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். குணமாகி வீட்டுக்குப் போய் வேலைக்கும் போனார். பிறகு குளிசையை நிறுத்தினார். நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தார்கள், அளவு மிஞ்சியது. 1950இல் அந்த மனிதர் லித்தியம் நஞ்சேறி இறந்துபோனார். இரத்தத்தில் அளவு பார்க்கும் முறை அன்று நடைமுறையில் இல்லை. அதே 1949இல் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொன்ன இதய நோயாளிகளுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட் விற்கப்பட்டு, அதனாலும் சிலர் இறந்தார்கள். முதல் நோயாளியிலேயே இரண்டு பாடமும் இருக்கின்றன. நிறுத்தினாலும் ஆபத்து, அளவு பார்க்காமல் போட்டாலும் ஆபத்து.

இனி மந்தத்துக்கு வருவோம். ஒருவர் "தலை வேலை செய்யுதில்லை" என்று சொன்னால் அதற்குப் பின்னால் குறைந்தது நாலைந்து காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலாவது, நோயே. மனச்சோர்வு என்பது கவலை மட்டும் இல்லை. கவனம் நிற்காது, வாசித்தது பதியாது, சின்ன முடிவும் எடுக்க ஏலாது. நீண்ட மன அழுத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் ஏறியே இருக்கும். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகம்பஸ் என்ற மூளைப்பகுதி, திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களில் சராசரியாகச் சிறிதாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருதுருவ நோயில், மனசு சமநிலைக்கு வந்த பிறகும் பலருக்குக் கவனமும் ஞாபகமும் பழைய நிலைக்கு முழுதாக வருவதில்லை. ஆக, "மருந்துக்கு முன்னால் நல்லா இருந்தான்" என்று வீட்டார் சொல்லும்போது, நோய்க்கு முன்னால் என்பதையும் மருந்துக்கு முன்னால் என்பதையும் நாம் கலந்துவிடுகிறோம்.

இரண்டாவது, லித்தியமேதான். சிந்தனையின் வேகத்தையும் சொற்களை நினைவில் வைப்பதையும் அது ஓரளவு குறைக்கலாம். ஆய்வுகளில் வரும் குறைவு பொதுவாகச் சிறியது. ஆனால் சிறியது என்பது ஆய்வாளருக்கு. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு அது பெரியது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவ், லித்தியத்தை உலகம் ஏற்கச் செய்ததில் முக்கியமானவர், 1979இல் லித்தியம் போட்டுவந்த 24 கலைஞர்களிடமும் எழுத்தாளர்களிடமும் வேலை எப்படி என்று கேட்டார். 12 பேர் முன்பைவிடக் கூட வேலை செய்வதாகச் சொன்னார்கள். 6 பேருக்கு வித்தியாசமில்லை. 6 பேருக்குக் குறைந்துவிட்டது. அந்தக் கடைசி 6 பேரையும் பொய்யர் என்று சொல்ல ஏலுமா?

மூன்றாவதை நாம் எதிர்பார்க்கவே இல்லை. லித்தியம் சிலருக்குத் தைரொயிட் சுரப்பியை மந்தமாக்கும். தைரொயிட் குறைந்தால் உடம்பு பெருக்கும், களைப்பு வரும், யோசனை மெதுவாகும். அது இரத்தப் பரிசோதனையில் தெரியும், அதற்கு வேறு குளிசையும் இருக்கிறது. மருந்து மூளையைத் தின்கிறது என்று குடும்பமே அழுதுகொண்டிருக்கும்போது பிரச்சினை கழுத்தில் இருக்கலாம்.

நாலாவது, கூடப் போடும் குளிசைகள். டயசிபாம், குளோனசிபாம் போன்றவை நித்திரையோடு ஞாபகத்தையும் பிடித்துவைக்கும். கை விறைப்புக்குக் கொடுக்கும் பென்செக்சோலும் பழைய அமிட்ரிப்டிலினும் வாயை உலர்த்தும், ஞாபகத்தைக் குழப்பும். வயசானவர்களுக்கு இன்னும் மோசம். புளூஒக்சிடின் வகைக் குளிசைகள் போடும் சிலர் "கவலையும் இல்லை, சந்தோசமும் இல்லை, எல்லாம் தண்ணி மாதிரி" என்று சொல்வார்கள். அதுவும் உள்ளதுதான், அறியப்பட்ட விளைவு. பெரும்பாலும் அளவைக் குறைத்தோ குளிசையை மாற்றியோ சரிசெய்யப் பார்க்கலாம்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோடியம் வல்புரோயேற் என்ற மருந்து வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் கொடுக்கப்படுகிறது. கர்ப்பத்தில் போட்டால் சுமார் 10 பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடும், 100க்கு 30 முதல் 40 வரையான பிள்ளைகளுக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சிப் பிரச்சினையும் வரலாம். கல்யாணம் பேசும்போதே, கர்ப்பத்துக்கு முன்னாலேயே, டொக்டரிடம் கேட்க வேண்டிய விடயம் இது. தானாக நிறுத்துவதும் ஆபத்துத்தான், கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். நோயை மறைத்து நிக்காஹ் முடித்த பெண் பிள்ளை, மாப்பிள்ளை வீட்டில் குளிசையைப் பற்றி யாரிடம் கேட்பார்?

நிக்காஹ் என்றதும் பரம்பரைப் பேச்சு வந்துவிடும். இருதுருவ நோயில் பரம்பரையின் பங்கு பெரியது, உண்மை. ஆனால் தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு சுமார் 5 முதல் 10 வரைதான். 10 பிள்ளைகளில் 9 பேருக்கு வராது. சீனி வருத்தம் இருக்கிற குடும்பங்களை விலக்கிக் கல்யாணம் பேசுவதென்றால் புத்தளத்தில் யாரும் யாரையும் முடிக்க ஏலாது.

"மூளையில் செரொட்டோனின் குறைந்ததால் மனச்சோர்வு" என்று பாடசாலைக் கருத்தரங்கு ஒன்றில் நாமே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம். இப்போது திருத்திக்கொள்கிறோம். அந்தக் கதை 1950களில் தொடங்கியது. காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளை உற்சாகமாக்கியது. மறுபக்கம், எமது நாட்டு வைத்தியத்தில் சர்ப்பகந்தி என்று சொல்லும் மூலிகையிலிருந்து எடுத்து இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த ரெசர்பின் சிலரைச் சோர்வில் தள்ளியது. இரண்டும் மூளையின் இரசாயனத் தூதர்களை மாற்றுவதைக் கண்டு, அவற்றின் குறைவுதான் நோய் என்று ஊகித்தார்கள். குளிசைகள் பலருக்கு உதவுகின்றன. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் செரொட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வந்த பெரிய மீளாய்வு ஒன்று சொன்னது. புளூஒக்சிடின் செரொட்டோனினைச் சில மணித்தியாலத்திலேயே மாற்றத் தொடங்குகிறது, மனசு தெளியக் கிழமைக்கணக்காகிறது. எதையோ ஊற்றி நிரப்புகிற மாதிரி எளிமையான வேலை அது இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. பனடோல் போட்டால் தலையிடி போகிறது, அதற்காகத் தலையிடி பனடோல் குறைபாடு இல்லையே.

எமது மண்ணிலேயே நடந்த ஆய்வும் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய மக்களிடம், 20 வருடம் கழித்து, டொக்டர் செஸ்மல் சிறிவர்தனவும் குழுவினரும் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. 450 பேரைச் சந்தித்தார்கள். 18.8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பொதுவான மனநலக் கோளாறு இருந்தது. ஐந்து பேரில் கிட்டத்தட்ட ஒருவர். யுத்த அதிர்ச்சியால் வருவதாக எல்லோரும் பேசும் கோளாறு 2.4 சதவீதம்தான். பெரும்பங்கு வேறு: 14 சதவீதம் பேருக்கு உடம்பில் தெரியும் வருத்தமாக அது வெளிப்பட்டது. எமது உம்மாமார் சொல்வதை நினைத்துப் பாருங்கள். உடம்பு உளையுது, நெஞ்சு எரியுது, தலை கொதிக்குது, கை கால் விறைக்குது. மனசு சரியில்லை என்று யாராவது சொன்னார்களா? வேலையில்லாதவர்கள், கணவனை இழந்தவர்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு உறுதியில்லாதவர்கள் ஆகியோரிடம் கோளாறு கூடுதலாக இருந்தது. இதை வாசித்த பிறகு மனநோய் மூளையில் இருக்கிறதா, வாழ்க்கையில் இருக்கிறதா என்ற பட்டிமன்றம் எமக்குச் சலித்துவிட்டது. பட்டினி மூளைக்கும்தான் போகிறது.

ஈமான் குறைவு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில். யூஸுப் நபியைப் பிரிந்த கவலையில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதாக அல்குர்ஆன் சொல்கிறது. அவர்களுக்கு ஈமான் குறைவா? ஹிஜ்ரி 322இல், அதாவது 934இல் காலமான அபூ ஸைத் அல் பல்கி, உடம்பின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வருகிற கவலை வேறு என்று பிரித்தார். இரண்டாவது உடம்பிலிருந்து, இரத்தத்திலிருந்து வருவது, அதற்கு உடம்புக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். இரத்தத்தைப் பற்றிய அவருடைய விளக்கம் இன்று செல்லாது. அந்தப் பிரிப்பு செல்லும். ஆயிரம் வருடத்துக்கு முன் எமது ஆலிம் ஒருவர் எழுதியதை விட்டுவிட்டு, "ஜின் பிடிச்சிருக்கு" என்று பிள்ளையைக் கட்டிவைத்து அடிக்கிறவர்களிடம் கூட்டிப் போகிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. நாமும் ஓதுகிறோம். ஓதுகிறவர் "குளிசையை நிறுத்து" என்று சொன்னால் அந்த வாசலிலிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

கரண்ட் வைக்கிறது என்று பயந்து சொல்கிற ஈ.சி.டி. பற்றியும் கேட்கிறார்கள். சினிமாவில் காட்டுவது போல அது தண்டனை இல்லை. மயக்கி, தசையைத் தளர்த்திச் செய்வது. சாப்பிடாமல் குடிக்காமல் கிடக்கும் கடும் சோர்வில் அதைப் போல வேகமாக வேலை செய்வது குறைவு. ஞாபகத்தைத் தொடுவது உண்மை. 2010இல் 84 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெரும்பாலான பாதிப்பு முதல் மூன்று நாட்களுக்குள் நின்றது. இரண்டு கிழமை கடந்தபோது பல அளவீடுகள் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட மேம்பட்டிருந்தன. ஆனால் சிகிச்சையை அண்டிய மாதங்களின் சொந்த நினைவுகள் சிலருக்குத் திரும்புவதில்லை. சம்மதம் கேட்கும்போது இதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்போது நோன்பு. லித்தியம் போடுகிறவர் நோன்பு பிடிக்கலாமா? இரண்டு ஆய்வுகளைக் கண்டோம், இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. மொரோக்கோவில் 2000இல் வெளியானதில், லித்தியம் போட்டுவந்த 20 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரமழானில் நோய் திரும்பியது, பெரும்பாலும் ஏறும் பக்கம். ஆச்சரியம் என்னவென்றால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. பாகிஸ்தானின் பெஷாவரில் 62 பேரைப் பார்த்து 2010இல் வெளியிட்டதில் லித்தியத்தின் அளவும் பெரிதாக மாறவில்லை, நோயும் கூடவில்லை. எமது சந்தேகம் நித்திரையில் விழுகிறது. இருதுருவ நோயில் நித்திரை கெடுவது ஏறும் பக்கத்துக்குக் கதவு திறக்கும் என்பது நன்றாக அறியப்பட்ட விடயம். தராவீஹ், பிறகு கதைபேச்சு, போன், ஸஹர் என்று நாம் ரமழானில் இரவைப் பகலாக்குகிறோம். மார்க்கம் தராவீஹைச் சொன்னது, ராவெல்லாம் கெரம் விளையாடச் சொல்லவில்லை.

அதோடு, அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் எமது உப்பளத்தில் பாத்தி கிளறியவர்களோ கற்பிட்டிக் கடலில் வெயிலில் வலை இழுத்தவர்களோ இல்லை. சுமார் 13 மணித்தியாலம் தண்ணியில்லாமல், வியர்வையில் உப்பும் போய், பின்னேரம் முதுகு வலிக்கு டைக்குளோபெனாக்கோ புரூபனோ வாங்கிப் போட்டால், அந்த வலிக் குளிசையும் லித்தியத்தை உடம்பில் தேக்கிவைக்கும். பிரஷருக்குப் போடும் சில குளிசைகளும் அப்படித்தான். வலிக்குப் பனடோல் பரவாயில்லை. கை பெரிதாக நடுங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், ஆள் குழம்புதல், இவை தெரிந்தால் நோன்பைத் திறந்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஃரிப் வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை அல்லாஹ்வின் பெயரால் நாம் பறிக்கக் கூடாது.

எனவே இந்த ஆறு கிழமைக்குள் கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். நோன்பு பிடிக்கலாமா, குளிசையை இரவுக்கு ஒரே தரமாக மாற்றலாமா, ரமழானுக்கு முன்னும் நடுவிலும் இரத்தம் பார்க்கலாமா என்று. டொக்டர் வேண்டாம் என்றால் பிடிக்க வேண்டாம். தலை மந்தமாக இருக்கிறது என்பதை அதே மூச்சில் சொல்லுங்கள். எப்போதிருந்து, எந்தக் குளிசைக்குப் பிறகு, எந்த நேரத்தில் கூட என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு ஆளுக்கு நாலு நிமிசம்தான் கிடைக்கும் என்று எமக்கும் தெரியும். எழுதி வைத்ததை வாசிக்க ஒரு நிமிசம் போதும். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசும் இல்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது திடீரென்று குளிசை நின்றவர்கள் பட்ட பாட்டை அவரவர் வீட்டில் கேளுங்கள், நாமாக நிறுத்தினால் என்ன நடக்கும் என்று தெரியும்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது மூன்று நாள் தூங்காமல் இபாதத்தில் நின்றால், காசை வாரி இறைத்தால், பேச்சு பிடிக்க ஏலாத வேகத்தில் போனால், மாஷா அல்லாஹ் சொல்வதற்கு முன் அவருடைய வீட்டாருக்கு ஒரு கோல் எடுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று: தூங்கும் பிள்ளையை நிற்க வைப்பதற்கு முன் வீட்டில் கேளுங்கள். இதை எழுதும் கைக்கு அந்தத் தகுதி இல்லை என்பதும் தெரியும்.

அந்தப் பையனின் லித்தியம் இப்போது இரவில் ஒரு தரம் மட்டும். நித்திரைக் குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். தைரொயிட் பார்த்ததில் அதுவும் குறைவாகத்தான் இருந்தது, அதற்கும் குளிசை போடுகிறார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. பழைய வேகமும் முழுதாக வரவில்லை, அதை நினைத்து அவருக்குக் கவலைதான். தவணைப் பரீட்சையில் அவருக்கு மேலதிகமாக அரை மணித்தியாலம் கொடுக்கிறோம். போன கிழமை மன்னிப்புக் கேட்கப் போனபோது, "சேர், அந்த நேரம் நீங்க மட்டும் சிரிக்கல்ல, எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

அவசரத்துக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. அங்கொடையில் அந்த ஆஸ்பத்திரி தொடங்கிய வருடமும் அதுதான், ஞாபகம் வைப்பது லேசு. கொமன்டில் யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். கேட்க வேண்டியதை இன்பொக்ஸில் கேளுங்கள். கிளினிக்குக்குத் தனியாகப் போகப் பயம் என்றால் அதையும் எழுதுங்கள், சனிக்கிழமைகளில் வகுப்பில்லை, கூட வருகிறோம்.